அடுத்தவர் மெயிலைப் படித்தவன்

அடுத்தவர்களுக்கு வந்த மெயில்களை நான் படித்திருக்கிறேன். தற்செயலாகக் கண்ணில் பட்டது என்று சொல்லித் தப்பிக்க வழியில்லை. கடை ஷட்டரைப் பாதி இறக்கிவிட்டு, விசிறியைப் போட்டுக்கொண்டு, நிதானமாக உட்கார்ந்து படித்தேன். அதனால் ஒரு குடும்பத்துக்குக் கெடுதல் நடந்தது. இது எப்படி வெளியே போனது என்று அந்தப் பெண் என்னிடமே வந்து கேட்டபோது, முகத்தைப் பார்த்துப் பொய் சொன்னேன்.

எங்களுடையது ராமநாதபுரம் மாவட்டத்தில் ஒரு சிறு நகரம். ஊர்ப் பெயரைச் சொல்ல எனக்கு உரிமை இல்லை. சொன்னால் அந்தக் குடும்பம் எது என்று கண்டுபிடித்துவிடுவார்கள். 2005இல் பஸ் ஸ்டாண்டுக்குப் பின்தெருவில் நெட் சென்டர் தொடங்கினேன். பிளைவுட் தடுப்புகளுக்குள் ஆறு கம்ப்யூட்டர், கவுண்டரில் ஒன்று. மணிக்கு இருபது ரூபாய். எங்கள் பக்கத்தில் தெருவுக்கு நாலு வீட்டுக்காரர் சவூதியிலோ துபாயிலோ குவைத்திலோ இருப்பார்கள். ஐஎஸ்டி பேசினால் காசு கரைந்துவிடும். மெயில் வந்த பிறகு பெண்கள் குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு கடைக்கு வர ஆரம்பித்தார்கள். காலேஜ் பையன்கள் ஆர்குட் பார்க்க வருவார்கள். மற்றவர்கள் எல்லாம் குடும்பக் காரியமாக வருகிறவர்கள்.

கவுண்டர் கம்ப்யூட்டரில் பில்லிங் சாஃப்ட்வேர் ஒன்று இருந்தது. எந்த மெஷினில் எத்தனை நிமிஷம் ஆயிற்று என்று காட்டும். அதிலேயே இன்னொரு வசதி: ஆறு மெஷின்களின் திரைகளும் சின்னச் சின்னக் கட்டங்களாக என் முன்னால் தெரியும். ஒன்றைச் சொடுக்கினால் பெரிதாகும். நிறுவிக் கொடுத்த பையன், "யாராச்சும் கண்ட படம் பாத்தா இங்கருந்தே தெரிஞ்சுக்கலாம்ணே" என்றான். அந்தக் காரணத்துக்காகத்தான் முதலில் பார்த்தேன். பிறகு பொழுது போகாதபோது பார்த்தேன். உள்ளே உட்கார்ந்திருப்பவர்களுக்கு இது தெரியாது. தெரியப்படுத்த வேண்டும் என்று எனக்குத் தோன்றவும் இல்லை. தடுப்புக்குள் போய்த் திரைச்சீலையை இழுத்துவிட்டுக்கொண்டு உட்காருவார்கள். அந்தத் திரைச்சீலையை வாங்கித் தொங்கவிட்டதும் நான்தான்.

அந்தப் பெண் முதலில் வந்தது 2007இல். கையில் ஒரு துண்டுச்சீட்டு, அதில் துபாயில் இருக்கும் கணவரின் மெயில் ஐடி. அவருக்கு ஒரு ஜிமெயில் திறந்து கொடுத்தேன். பாஸ்வேர்டை நான்தான் போட்டேன்: அவர் பெயரும் பிறந்த வருஷமும். மீட்புக்கு ஒரு மெயில் கேட்ட இடத்தில் கடை மெயிலைப் போட்டேன். அன்றைக்கு யார் வந்தாலும் அப்படித்தான் செய்தேன். பாஸ்வேர்டு மறந்துவிட்டது என்று வந்து நிற்பவர்களுக்கு உடனே எடுத்துக் கொடுக்கலாம். ஒரு நீளநோட்டில் பெயர், ஐடி, பாஸ்வேர்டு, போன் நம்பர் எல்லாவற்றையும் வரிசையாக எழுதியும் வைத்தேன். பார்த்தவர்கள் என்னைப் பொறுப்பானவன் என்றார்கள்.

ரொம்ப நாள் அவர் சொல்லச் சொல்ல நான்தான் தட்டிக் கொடுத்தேன். பாப்பாவுக்குக் காய்ச்சல் தேவலை, பணம் வந்து சேர்ந்தது, மாமாவுக்குக் கண் ஆபரேஷன் முடிந்தது. அவ்வளவுதான் இருக்கும். இன்னும் ஏதாவது உண்டா என்று கேட்டால் கொஞ்சம் யோசித்துவிட்டு, "போதும்ணே" என்பார். பிறகு, தானே தட்டக் கற்றுக்கொள்ள வேண்டும் என்றார். தமிழை இங்கிலீஷ் எழுத்தில் தட்டுவது எப்படி என்று காட்டினேன். எட்டாம் வகுப்போடு படிப்பை நிறுத்தியவர். ஆள்காட்டி விரலால் ஒவ்வொரு எழுத்தாகத் தேடுவார். இடைவெளிக்கு எந்தப் பட்டன் என்பது மறந்துபோகும். அரை மணி நேரத்தில் நாலு வரி வரும். விடாமல் வந்து கற்றார்.

எதற்காக அவ்வளவு சிரமப்பட்டார் என்று அப்போது நான் யோசிக்கவில்லை. நான் பக்கத்தில் இருக்கும்வரை சொல்ல முடியாத விஷயங்கள் அவரிடம் இருந்தன. எனக்குத் தெரியாமல் கணவரிடம் பேசுவதற்காகத்தான் அவர் டைப்பிங் கற்றார். கற்றுக்கொடுத்தவனும் நான், அவர் எழுந்து போன பிறகு அந்தப் பெட்டியைத் திறந்து படித்தவனும் நான்.

ஏன் படித்தேன் என்று என்னையே பலமுறை கேட்டிருக்கிறேன். அவர்மேல் எனக்கு வேறு எண்ணம் எதுவும் இருந்ததில்லை. அதைச் சொல்வதால் குற்றம் குறையப்போவதும் இல்லை. ஊரில் யாருக்கும் தெரியாதது எனக்குத் தெரியும் என்பதில் ஒரு ருசி இருந்தது. யார் வீட்டில் பணம் வந்தது, யார் வீட்டில் சண்டை, எந்தப் பையனுக்கு விசா வந்துவிட்டது என்பதெல்லாம் தெரிந்துகொண்டு, தெரியாதவன்போல் கவுண்டரில் உட்கார்ந்திருப்பேன். அவருடையதை மட்டும் படித்தேன் என்று நினைக்க வேண்டாம். இன்னும் சிலருடையதையும் படித்தேன். அவருடையதைத்தான் தொடர்ந்து படித்தேன்.

2008 கடைசியில் அமெரிக்காவில் வங்கிகள் விழுந்ததன் அடி துபாய் வரைக்கும் வந்தது. பாதி எழும்பிய கட்டடங்கள் அப்படியே நின்றன. கட்டட வேலைக்குப் போனவர்களைச் சம்பளம் இல்லாமல் கேம்பில் உட்காரவைத்தார்கள். அந்தப் பெண்ணின் கணவரும் அப்படி உட்கார்ந்திருந்தவர்களில் ஒருவர். இதை மனைவிக்கு மட்டும்தான் எழுதினார். தங்கச்சிக்கு மாப்பிள்ளை பேசி முடியும் நேரம், இப்போது தெரிந்தால் எல்லாம் கெட்டுப்போகும், அம்மாவிடம்கூடச் சொல்லாதே என்று எழுதியிருந்தார். அதற்கு அந்தப் பெண் எழுதிய பதிலையும் படித்தேன். தன் தாலிச் செயினை அடகு வைத்து, நீங்கள் அனுப்பிய பணம் என்று சொல்லி மாமியார் கையில் கொடுத்துவிட்டதாக எழுதியிருந்தார். அந்த வரியை முடிக்க அவருக்கு எவ்வளவு நேரம் பிடித்திருக்கும் என்பது எனக்குத் தெரியும். அன்றைக்கு அவர் கொடுத்த காசு இருபது ரூபாய்க்கு மேலே.

ஒரு சாயங்காலம் டீக்கடையில் துபாய் பற்றிப் பேச்சு வந்தது. அங்கே ஒன்றும் ஆகவில்லை, பத்திரிகைக்காரர்கள் பெரிதாக்குகிறார்கள் என்று ஒருவர் அடித்துச் சொன்னார். எனக்கு விஷயம் தெரியும் என்று காட்ட வேண்டியிருந்தது. இன்னார் மகனுக்கே மாசக்கணக்கில் சம்பளம் இல்லையாம் என்று சொல்லிவிட்டேன். சொல்லி முடித்து டீயைக் குடித்துவிட்டுக் கடைக்கு வந்து வழக்கம்போல் வேலையைப் பார்த்தேன்.

அந்தப் பேச்சு சுற்றிச் சுற்றி மாப்பிள்ளை வீட்டுக்குப் போய்ச் சேர்ந்தது. பேசி வைத்திருந்த சம்பந்தம் நின்றுபோனது. வேறு காரணங்களும் இருந்திருக்கலாம். எனக்குத் தெரிந்த காரணம் நான். மாமியாருக்கு மகன்மேல் வந்த வருத்தத்தைவிட, தெரிந்தும் மறைத்தாள் என்று மருமகள்மேல் வந்த கோபம் பெரிதாக இருந்தது. வெளியே சொன்னவளும் அவளாகத்தான் இருக்கும் என்று வீட்டில் முடிவு கட்டினார்கள். கணவரும் அப்படி நினைத்துவிட்டார்.

அந்தப் பெண் கடைக்கு வந்தார். மெஷின் கேட்கவில்லை. கவுண்டர் முன்னால் நின்று, "அண்ணே, இது அவுகளும் நானும் மட்டும் பேசிக்கிட்டது. ஒரு சனத்துக்கிட்ட நான் வாயத் தொறக்கல. எப்பிடிண்ணே வெளிய போச்சு?" என்று கேட்டார்.

"யாராச்சும் ஹேக் பண்ணிருப்பாங்கம்மா. இப்ப நெறைய நடக்குது. பாஸ்வேர்ட மாத்திருவோம்" என்றேன்.

நம்பினார். எனக்குத் தெரிந்த துறை அது, நான் சொன்னால் சரியாகத்தான் இருக்கும் என்று நம்பினார். உள்ளே அழைத்துப் போய்ப் புதுப் பாஸ்வேர்டு போட்டுக் கொடுத்தேன். அதையும் நான்தான் தட்டினேன். நோட்டில் பழையதை அடித்துவிட்டுப் புதியதை எழுதினேன். "ஹேக் பண்ணிட்டாகன்னு நீங்களே அவுகளுக்கு ஒரு மெயில் போட்டுருங்கண்ணே, நான் சொன்னா நம்ப மாட்டாக" என்றார். அதையும் எழுதி அனுப்பினேன். காசு வேண்டாம் என்று சொன்னபோது, எனக்கு நல்ல மனசு என்று சொல்லிவிட்டுப் போனார்.

அதன்பிறகு அவருடைய பெட்டியை நான் திறக்கவில்லை. மனம் திருந்தியதால் என்று சொல்ல மாட்டேன். பயம். 2009 அக்டோபரில்தான் திருத்தப்பட்ட தகவல் தொழில்நுட்பச் சட்டம் நடைமுறைக்கு வந்தது. இன்னொருவருடைய பாஸ்வேர்டை நேர்மையற்ற முறையில் பயன்படுத்தினால் மூன்று வருஷம்வரை சிறை, ஒரு லட்சம்வரை அபராதம் என்று 66சி பிரிவு சொல்கிறது. இது எனக்குப் பிற்பாடு ஒரு வக்கீல் நண்பர் வேறு எதற்கோ பேசும்போது சொல்லித் தெரிந்தது. கேட்டுக்கொண்டிருந்தபோது வயிறு கலங்கியது.

2011இல் நெட் சென்டர்களுக்கென்றே மத்திய அரசு விதிகள் கொண்டுவந்தது. வருகிறவரின் அடையாள அட்டையைப் பார்க்க வேண்டும். பெயர், முகவரி, எந்த மெஷின், எப்போது உட்கார்ந்தார், எப்போது எழுந்தார் என்று பதிவேடு எழுதி ஒரு வருஷமாவது வைத்திருக்க வேண்டும். தடுப்பு நாலரை அடிக்கு மேல் இருக்கக் கூடாது. பிளைவுட்டை அறுத்துக் குட்டையாக்கினேன். திரைச்சீலைகளைக் கழற்றினேன். பதிவேட்டை ஒருநாள் விடாமல் எழுதினேன். வருகிறவர்கள் மேல் கண் வைக்கச் சொல்லி எனக்கு உத்தரவு வந்த மாதிரிதான் அந்த விதிகளை நான் புரிந்துகொண்டேன். கவுண்டரில் இருப்பவனை யார் பார்ப்பது என்ற கேள்வி எனக்கே எழவில்லை என்றால் வேறு யாருக்கு எழும்?

யாகூ நிறுவனத்தில் 2013இல் நடந்த திருட்டில் முன்னூறு கோடி கணக்குகள், அதாவது அன்றைக்கு அங்கே இருந்த எல்லாக் கணக்குகளுமே, சிக்கியிருந்தன என்று 2017இல் செய்தி வந்தது. பழைய வாடிக்கையாளர்கள் சிலர் பதறிக்கொண்டு வந்தார்கள். பாஸ்வேர்டு மாற்றிக் கொடுத்தேன், எப்படி எச்சரிக்கையாக இருப்பது என்று எடுத்துச் சொன்னேன். அவர்கள் யாரைக் கண்டு பயப்படுகிறார்களோ அவன் எங்கேயோ வெளிநாட்டில், முகம் தெரியாமல் இருக்கிறான் என்றுதான் எல்லோரும் நினைத்தோம். அவர்களுடைய பாஸ்வேர்டு எழுதிய நோட்டு என் கல்லாப்பெட்டிக்குக் கீழே இருந்தது.

அதே 2017 ஆகஸ்டு 24ஆம் தேதி, அந்தரங்கம் அடிப்படை உரிமை என்று உச்ச நீதிமன்றத்தின் ஒன்பது நீதிபதிகள் ஒருமனதாகத் தீர்ப்புச் சொன்னார்கள். வழக்குப் போட்டவர் புட்டசாமி, கர்நாடக உயர் நீதிமன்றத்திலிருந்து ஓய்வு பெற்ற நீதிபதி, அப்போது தொண்ணூறு வயதைக் கடந்தவர். மறுநாள் பேப்பரில் படித்தேன். டீக்கடையில் ஒருவர், "நம்மகிட்ட ஒளிக்க என்ன இருக்கு? தப்புப் பண்றவன்தான் பயப்படணும்" என்றார். சுற்றி இருந்தவர்கள் தலையாட்டினார்கள். என்னால் அங்கே இருக்க முடியவில்லை. அந்தப் பெண் ஒளித்தது எந்தத் தப்பையும் இல்லை. தன் வீட்டுக் கஷ்டத்தை யாரிடம் சொல்வது, யாரிடம் சொல்லாமல் இருப்பது என்று முடிவு செய்யும் உரிமை ஒன்றுதான் அந்த நேரத்தில் அவர் கையில் மிச்சம் இருந்தது. அதை நான் பறித்தேன். ஒளிக்க என்ன இருக்கு என்ற வாதத்தை யார் எங்கே சொன்னாலும் எனக்கு அந்த அடகுச் செயின் வரிதான் முன்னால் வந்து நிற்கிறது.

ஜியோ வந்த பிறகு மெயில் பார்க்க யாரும் கடைக்கு வருவதில்லை. மெஷின்களைக் குறைத்துவிட்டு ஆன்லைன் விண்ணப்பக் கடையாக மாற்றினேன். வருமானச் சான்று, பட்டா மாறுதல், பிஎஃப் பணம், இன்ஜினியரிங் கவுன்சலிங், டிஎன்பிஎஸ்சி. பழைய நாலு கம்ப்யூட்டர்களைக் காயலான் கடைக்குப் போட்டேன். ஹார்ட் டிஸ்க்கோடு போட்டேன். ஃபார்மட் செய்துவிட்டேனே என்ற நினைப்பு. அவசரமாகச் செய்யும் ஃபார்மட்டில் உள்ளே இருப்பது அழியாது, மீட்கத் தெரிந்தவன் எடுத்துவிடுவான் என்பது இந்தத் தொழிலில் இருக்கிற எனக்குத் தெரியாமல் இல்லை. நேரம் ஆகும் என்று விட்டேன். அந்த டிஸ்க்குகள் எங்கே போயின என்று இன்றைக்குச் சொல்ல முடியாது.

2022 மே மாதம் ஆதார் ஆணையத்தின் பெங்களூரு அலுவலகம் ஓர் அறிக்கை விட்டது. ஆதார் நகலை யாரிடமும் கண்டபடி கொடுக்காதீர்கள். கடைசி நாலு எண் மட்டும் தெரிகிற ஆதாரைப் பயன்படுத்துங்கள். நெட் சென்டர் கம்ப்யூட்டரில் இ-ஆதார் இறக்குவதைத் தவிருங்கள், இறக்கினால் எல்லா நகல்களையும் நிரந்தரமாக அழித்துவிடுங்கள். ஊரெல்லாம் பரபரப்பானதும், தவறாகப் புரிந்துகொள்ளப்படலாம் என்று சொல்லி இரண்டே நாளில் அரசு அதைத் திரும்பப் பெற்றது. நான் அந்த இரண்டு நாளுக்குள் அதைப் படித்துவிட்டேன். படித்துவிட்டு 'ஸ்கேன்' என்ற ஃபோல்டரைத் திறந்தேன். ஊரே அதில் இருந்தது. ஆதார், ரேஷன் கார்டு, சாதிச் சான்று, பாஸ்புக் முதல் பக்கம், போட்டோ, வெள்ளைத்தாளில் போட்ட கையெழுத்து. அதில் செத்துப்போனவர்களும் இருந்தார்கள். இ-ஆதார் ஃபைலுக்குப் பாஸ்வேர்டு என்ன என்பது எல்லோருக்கும் தெரிந்தது: பெயரின் முதல் நாலு எழுத்தும் பிறந்த வருஷமும். அந்தப் பெண்ணுக்கு நான் போட்ட பாஸ்வேர்டும் ஏறக்குறைய அப்படித்தான். வாட்ஸ்அப்பில் அனுப்பியவை என் போனில் சேர்ந்து, என் பிள்ளைகளின் பிறந்தநாள் படங்களோடு சேர்ந்து மேலே கிளவுடுக்கும் போயிருந்தன.

ஒரு வாரம் இரவுகளில் உட்கார்ந்து அழித்தேன். இப்போது வேலை முடிந்ததும் வந்தவர்கள் கண் முன்னாலேயே அழித்து, ரீசைக்கிள் பின்னையும் காலி செய்துதான் அனுப்புகிறேன். எந்த வேலைக்காக வாங்கினோமோ அது முடிந்ததும் தகவலை அழிக்க வேண்டும் என்று 2023ஆம் வருஷத் தகவல் பாதுகாப்புச் சட்டம் சொல்கிறது. என் போன்ற சின்னக் கடைகளில் அது எந்த அளவுக்கு நடக்கும் என்று எனக்குச் சந்தேகம் உண்டு. பெரியவர்கள் வருவார்கள். ஓடிபி வந்திருக்கும். எண்ணைச் சொல்லுங்கள் என்றால், "கண்ணாடி எடுத்தாரல தம்பி, நீயே பாத்துக்க" என்று போனையே நீட்டிவிடுவார்கள். அந்தப் போனில் பேங்க் மெசேஜ் இருக்கும், மகளோடு பேசியது இருக்கும். வாங்காவிட்டால் வேலை நடக்காது. வாங்கினால் பழைய இடத்துக்கே வந்து நிற்கிறேன். கவுண்டரில் ஒரு மூக்குக்கண்ணாடி வாங்கி வைத்திருக்கிறேன். சிலருக்கு அது உதவுகிறது.

பாஸ்வேர்டு எழுதிய நோட்டை மட்டும் அழிக்கவில்லை. அழித்தால் யாருக்கெல்லாம் சொல்ல வேண்டும் என்பதும் போய்விடும்.

சென்ற வருஷம் கடை மெயிலுக்கு கூகுளிடமிருந்து ஓர் எச்சரிக்கை வந்தது. ஒரு கணக்கில் புதுப் போனிலிருந்து நுழைந்திருக்கிறார்கள், அந்தக் கணக்குக்கு மீட்பு மெயிலாக உங்களுடையது இருப்பதால் தெரிவிக்கிறோம் என்றது. அந்தப் பெண்ணின் ஐடி. இத்தனை வருஷமும் அதையே வைத்திருக்கிறார். இத்தனை வருஷமும் அவர் போன் மாற்றினால்கூட எனக்குத் தகவல் வரும்படி இருந்திருக்கிறது. இந்தக் கணக்கைத் தெரியாது என்றால் விலகிக்கொள்ளலாம் என்று கீழே ஓர் இணைப்பு இருந்தது. அதைத் தொட்டால் சத்தமில்லாமல் முடிந்துவிடும். ஆனால் அவருக்கே தெரியாமல் மீட்பு வழியை அடைத்ததாகும். பாஸ்வேர்டு மறந்தால் அவர் வெளியே நிற்பார். என்னைக் காப்பாற்றிக்கொள்ள இன்னொரு முறை அவருக்குத் தெரியாமல் அவர் கணக்கில் ஒரு காரியம் செய்வதா?

முதலில் என் மனைவியிடம் எல்லாவற்றையும் சொன்னேன். அவள் ரொம்ப நேரம் பேசவில்லை. பிறகு, "அந்தப் பொண்ணுகிட்ட சொல்லாம என்கிட்ட எதுக்குச் சொல்றீக?" என்று கேட்டாள்.

அந்தப் பெண்ணின் குடும்பம் இப்போது மதுரையில். நோட்டில் இருந்த நம்பர் உபயோகத்தில் இல்லை. அவருடைய உறவுக்காரப் பெண் ஒருவர் கடைக்கு வருவார். விஷயம் என்ன என்று சொல்லாமல் என் நம்பரைக் கொடுத்து, அவருக்கு விருப்பம் இருந்தால் கூப்பிடச் சொல்லுங்கள் என்றேன். சில வாரம் கழித்துக் கூப்பிட்டார். சௌக்கியம் விசாரித்தார். நான் இடையில் நிறுத்தி, ஆரம்பத்திலிருந்து சொன்னேன்: நோட்டு, பாஸ்வேர்டு, டீக்கடை, ஹேக் என்று சொன்ன பொய். மன்னிப்புக் கேட்டேன்.

"எல்லாத்தையுமா படிச்சீக?" என்று கேட்டார்.

ஆமாம் என்றேன்.

அன்றைக்குச் சொல்லியிருந்தால் அவர் மாமியார் உயிரோடு இருக்கும்போதே உண்மை தெரிந்திருக்கும் என்றார். பிறகு அந்த மீட்பு மெயிலை எப்படி மாற்றுவது என்று கேட்டார். எங்கே போய் எதைத் தொட வேண்டும் என்று சொல்ல ஆரம்பித்தேன். "நீங்க சொல்ல வேணாம். எம்மக பாத்துக்குவா" என்று வைத்துவிட்டார்.

அன்று இரவே கடை மெயிலை நீக்கியதாகத் தகவல் வந்தது. அவர் என்னை மன்னித்ததாக நான் எடுத்துக்கொள்ளவில்லை. மன்னிக்க வேண்டிய கட்டாயமும் அவருக்கு இல்லை. நோட்டில் இன்னும் நிறையப் பேர் இருக்கிறார்கள். மேலிருந்து வரிசையாகக் கூப்பிட்டு, உங்கள் மெயிலுக்குப் பாஸ்வேர்டு போட்டவன் நான்தான், மீட்பு மெயிலும் என்னுடையது, உடனே மாற்றிவிடுங்கள், நம்பிக்கையான ஆளை வைத்து மாற்றுங்கள் என்று சொல்லிக்கொண்டிருக்கிறேன். யாருடையதைப் படித்தேனோ அவர்களிடம் அதையும் சொல்கிறேன். சொல்லி முடித்தவர்களின் பக்கத்தைக் கிழித்து எரிக்கிறேன்.